வீட்டிலேயே எடுக்கும் 'ஃபுட் இன்டாலரன்ஸ்' டெஸ்ட்: பணம் கட்டலாமா?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 36. வீடு அவிநாசிப் பக்கம், வேலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். ஆறேழு மாதமாகச் சாப்பிட்டாலே வயிறு திம்மென்று உப்பிக்கொள்கிறது. காலையில் கிளம்புவதற்குள் இரண்டு மூன்று தடவை பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது, அதுவும் தண்ணியாக. எந்நேரமும் அசதி. எடை குறையவில்லை.

கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் அண்ணன் சம்சாரம், நங்கை, எந்தெந்த உணவு உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லும் ஒரு கிட்டை ஆன்லைனில் வாங்கினார். விரலில் குத்தி, ரத்தத்தை ஒரு அட்டையில் ஒற்றி, கூரியரில் அனுப்பினார். 200 உணவுகளுக்கு ரிசல்ட் வந்தது. 31 சிவப்பு. பால், தயிர், முட்டை, கோதுமை, நிலக்கடலை, தேங்காய் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். ஆறு மாதத்தில் வயிறு லேசாகி, நாலு கிலோவும் குறைந்துவிட்டது என்கிறார்.

ஒருவருக்கு 11,500 ரூபாய். இரண்டு பேருக்குச் சேர்த்து எடுத்தால் 18,000 என்று ஆஃபர், இந்த வெள்ளிக்கிழமை வரைதான். எனக்கும் என் பையனுக்கும் எடுத்துவிடலாமா? அவனுக்கு 8 வயது. ஸ்கூலுக்குக் கிளம்பும்போது வயிறு வலிக்கிறது என்பான். வீட்டுக்காரர் 'ஏமாத்து வேலை' என்கிறார். மாமியார் 'பேக்கரிப் பண்டத்தை நிறுத்து, எல்லாம் சரியாகும்' என்கிறார். நங்கையின் ரிப்போர்ட்டையும் என்னுடைய ஒரு நாள் சாப்பாட்டுக் கணக்கையும் இணைத்திருக்கிறேன்.

பின்குறிப்பு: பிசிஓடிக்கு (சினைப்பை நீர்க்கட்டி) மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். முன்பு இரவு 500, வைகாசியிலிருந்து காலையும் இரவும் 500. மற்றபடி எந்த நோயும் இல்லை.

பதில்:

வணக்கம் அம்மணி.

வேண்டாம். உங்களுக்கு வேண்டாம், பையனுக்குக் கண்டிப்பாகவே வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு பண்ண வேண்டும் என்கிறீர்கள், அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆஃபர் போனால் போகட்டும். இந்தக் கம்பெனிகளுக்கு வெள்ளிக்கிழமைகள் தீர்வதே இல்லை, அடுத்த மாதமும் வரும்.

இனிக் காரணம். நங்கையின் ரிப்போர்ட்டை உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். கலர் அச்சு, கெட்டித் தாள், பார்க்க அம்சமாகத்தான் இருக்கிறது. சிவப்புப் பட்டியலில் பசும்பால், தயிர், முட்டை வெள்ளைக்கரு, கோதுமை, நிலக்கடலை, தேங்காய், பச்சைப்பயறு. பச்சைப் பட்டியலில் கிரான்பெர்ரி, வான்கோழி, சிப்பி, காட் மீன், கேல் கீரை. கோயம்புத்தூரில் வாரா வாரம் சிப்பி வாங்கிச் சமைக்கிற குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அவர் அன்றாடம் சாப்பிடுவது அத்தனையும் சிவப்பு. நாக்கில் வைத்தே இராதவை எல்லாம் பச்சை. கம்பும் கொள்ளும் தட்டைப்பயறும் அந்த 200இல் இல்லவே இல்லை. யார் வீட்டுச் சமையலை மனதில் வைத்து அந்தப் பட்டியலைப் போட்டார்கள் என்பது அதிலேயே தெரிகிறது.

சிவப்பும் பச்சையும் இப்படிப் பிரிந்து நிற்பது தற்செயலாக நடந்ததில்லை. இந்தக் கிட்டுகளில் பெரும்பாலானவை அளப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை; சிலவற்றில் அதன் ஒரு வகையான ஐஜிஜி4ஐ. நாம் ஒரு உணவைச் சாப்பிடச் சாப்பிட, அதன் புரதத்தை உடம்பு அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்கிறது. அந்த அடையாளத்தில் ஒரு பங்குதான் ஐஜிஜி. வயிற்றில் ஒரு கோளாறும் இல்லாதவர்களுக்கும் அது இருக்கும். இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டால் சிரிப்பீர்கள். நிலக்கடலை அலர்ஜி உள்ள குழந்தைகளுக்கு, மருத்துவர் மேற்பார்வையில் மிகக் கொஞ்சமாகக் கடலையைக் கொடுத்துக் கொடுத்து உடம்பைப் பழக்குகிற ஒரு சிகிச்சை உண்டு. அந்தக் குழந்தைகளுக்குத் தாங்கும் சக்தி கூடிவரும்போது ரத்தத்தில் ஐஜிஜி4 ஏறும். உடம்பு பழகிக்கொண்டதோடு சேர்ந்து வருகிற ஏற்றம் அது. அதே ஏற்றத்துக்குத்தான் நங்கையின் ரிப்போர்ட் சிவப்பு அடித்து, 'தவிர்க்கவும்' என்று எழுதியிருக்கிறது.

உங்கள் கம்பெனி வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதிக நாள் வேலைக்கு வந்தவர்தான் துணி திருடியவர் என்று முடிவு கட்டினால் எப்படி இருக்கும்? அந்த மாதிரிதான் இது.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. உணவு ஒத்துக்கொள்ளாமையைக் கண்டுபிடிக்க ஐஜிஜி4 பரிசோதனை உதவாது என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் அமைப்பு 2008இலேயே அறிக்கை விட்டது. அமெரிக்க அமைப்பு 2010இல் அதை ஆமோதித்தது. கனடாக்காரர்கள் 2012இல் அதையே சொன்னார்கள். பிரிட்டனில் அரசு மருத்துவத்துக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பும், குழந்தைகளின் உணவு அலர்ஜி பற்றிய 2011 வழிகாட்டுதலில் இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. இவ்வளவுக்குப் பிறகும் வியாபாரம் நடக்கிறது என்றால், வயிற்றுத் தொந்தரவு அவ்வளவு பேருக்கு இருக்கிறது, நின்று கேட்டுப் பதில் சொல்ல அவ்வளவு பேருக்கு ஆள் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது போல முழுக்க ஏமாற்று என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆய்வகம் ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜியைச் சரியாகவே அளந்திருக்கலாம். விரலில் குத்தி அட்டையில் ஒற்றி அனுப்புவதிலும் குற்றமில்லை. பிறந்த குழந்தைகளுக்குக் குதிகாலில் குத்தி இதே முறையில்தான் தைராய்டு முதலானவற்றைப் பார்க்கிறார்கள். அளந்த பொருளுக்கும் உங்கள் வயிற்று உப்பசத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதுதான் பிரச்சினை. தலைமுடியை அனுப்பச் சொல்கிற டெஸ்ட், கையில் கம்பியைப் பிடிக்கச் சொல்லி மெஷினில் பார்க்கிற டெஸ்ட் இவற்றுக்கு இந்த அளவு மரியாதைகூடத் தேவையில்லை.

அப்புறம் நங்கைக்கு எப்படிச் சரியானது என்று கேட்பீர்கள். சரியாகியிருக்கும், நான் நம்புகிறேன். பால், முட்டை, கோதுமை, கடலை, தேங்காய் இத்தனையையும் விட்டவர் பேக்கரியில் எதை வாங்க முடியும்? பன் போச்சு, பப்ஸ் போச்சு, கேக், பிஸ்கட், பரோட்டா, குருமா எல்லாம் போச்சு. நாலு கிலோ குறையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். உங்கள் மாமியார் இதைக் காசு வாங்காமலே சொல்லியிருக்கிறார். தவிர, அந்த 31இல் ஒன்றோ இரண்டோ உண்மையிலேயே அவருக்குத் தொந்தரவு கொடுத்திருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தியதால் எது என்று அவருக்கும் தெரியாது, கிட்டுக்கும் தெரியாது.

கோதுமை விஷயத்தில் ஒரு ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். நார்வேயில் நடந்தது, 2018இல் வெளியானது. கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் தங்களுக்கு ஆகாது என்று நம்பி அதை விட்டிருந்த 59 பேருக்கு, பார்க்கவும் தின்னவும் ஒரே மாதிரி இருக்கும் மூன்று வகைத் தின்பண்டக் கட்டிகளைக் கொடுத்தார்கள். ஒன்றில் குளூட்டன், ஒன்றில் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து, மற்றொன்றில் இரண்டும் இல்லை. எது எதுவென்று யாருக்கும் சொல்லவில்லை. அதிகம் தொந்தரவு கொடுத்தது ஃப்ரக்டான்தான். குளூட்டன் கட்டிக்கும் ஒன்றும் இல்லாத கட்டிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஃப்ரக்டான் வெங்காயத்திலும் பூண்டிலும்கூட நிறைய இருக்கிறது. இரவு சப்பாத்தியும் வெங்காயக் குருமாவும் சாப்பிட்டுவிட்டுப் பழியைச் சப்பாத்தி மேல் மட்டும் போடுகிறவர்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள்.

சரி, உருப்படியான டெஸ்ட் எதுவும் இல்லையா? இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். ஒன்றைச் சாப்பிட்ட சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பு தடித்துத் தடித்து அரிப்பது, உதடு வீங்குவது, மூச்சு இழுப்பது, விடாமல் வாந்தி இவை வந்தால் அது அலர்ஜி. அதற்குத் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையும் ஐஜிஇ என்ற வேறொரு எதிர்ப்பொருளை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. அதையும் நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு மருத்துவர்தான் எழுத வேண்டும். அப்படிப்பட்ட உணவை வீட்டில் 'கொஞ்சம் தின்று பார்க்கலாம்' என்று விளையாடக் கூடாது. உங்கள் கடிதத்தில் இந்த மாதிரி ஏதும் இல்லை.

கோதுமையால் குடல் புண்ணாகும் சீலியாக் நோய்க்கு டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. வட இந்தியாவில் அந்த நோய் நூற்றில் ஒருவரை ஒட்டி இருக்கிறது, நம் பக்கம் மிக அரிது. ஆனாலும் தொடர்ந்த வயிற்றுப்போக்கோடு ரத்தசோகையும் இருந்தால் மருத்துவர் பார்க்கச் சொல்வார். இதில் ஒன்று முக்கியம்: அந்த டெஸ்ட் எடுக்கும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. தினமும் ஒரு வேளைக்கு மேல், குறைந்தது ஆறு வாரமாவது சாப்பிட்டிருந்தால்தான் முடிவை நம்பலாம். நங்கையைப் பார்த்து நீங்களும் கோதுமையை விட்டுவிட்டால் பிறகு இதைச் சரியாகப் பார்க்கவே முடியாமல் போகும். கிட்டுகள் செய்கிற கெடுதலில் இதுவும் ஒன்று.

பாலுக்கு, மூச்சில் ஹைட்ரஜன் அளக்கும் பரிசோதனை இருக்கிறது. அது பெரிய மருத்துவமனைகளின் குடல்நோய்ப் பிரிவில் கிடைக்கும். உங்களுக்கு அதுகூடத் தேவைப்படாது என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கடைசிப் பின்குறிப்புதான். மெட்ஃபார்மின், வைகாசியிலிருந்து இரட்டிப்பு. தொந்தரவு எப்போதிலிருந்து? ஆறேழு மாதமாக. இப்போது மார்கழி. எண்ணிப் பாருங்கள்.

மெட்ஃபார்மின் நல்ல மருந்து. பிசிஓடிக்கும் சர்க்கரைக்கும் பல பேருக்குக் கை கொடுக்கிறது. ஆனால் வயிற்றுப்போக்கு, உப்பசம், குமட்டல், வாயில் இரும்பு ருசி இவை அதன் மிகச் சாதாரணமான பக்க விளைவுகள். ஆரம்பிக்கும்போதும் அளவைக் கூட்டும்போதும் அதிகம் வரும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் அடங்கிவிடும், சிலருக்கு அடங்காது. வெறும் வயிற்றில் போட்டால் இன்னும் மோசம். நீங்கள் அனுப்பிய கணக்கில் 'காலை 5.30 மாத்திரை, காப்பி, 8.15 இட்லி' என்று இருக்கிறது. அதாவது மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். நீங்கள் பாத்ரூமுக்கு ஓடுவதும் அந்த நேரத்தில்தான்.

தயவுசெய்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய் மூன்று விஷயம் கேளுங்கள். சாப்பாட்டின் நடுவிலோ சாப்பிட்ட உடனேயோ போடலாமா. மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றலாமா (அட்டையில் எஸ்ஆர் அல்லது எக்ஸ்ஆர் என்று போட்டிருக்கும், பலருக்கு வயிறு அதைத் தாங்கிக்கொள்ளும்). அளவைக் கொஞ்ச நாள் குறைத்துவிட்டுப் படிப்படியாக ஏற்றலாமா. மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

அசதிக்கும் இதில் ஒரு நூல் இருக்கிறது. மெட்ஃபார்மினை ரொம்ப நாள் சாப்பிட்டால் உடம்பில் பி12 குறையக்கூடும். எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று எழுதவில்லை. மூன்று நாலு வருஷம் ஆகியிருந்தால் பி12 பார்ப்பது நல்லது. கூடவே ஹீமோகுளோபின், இரும்புச்சத்துக்கு ஃபெரிட்டின், தைராய்டுக்கு டிஎஸ்எச். 36 வயதில் மாதவிலக்கும் வேலையும் ஒன்றாக இருக்கிற பெண்ணுக்கு 'எந்நேரமும் அசதி' என்றால் முதலில் இரும்புச்சத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். இவை எல்லாம் சேர்ந்தும் கிட் விலையில் ஒரு பங்குதான் ஆகும், பக்கத்து லேபிலேயே எடுத்துவிடலாம்.

இரண்டாவது சந்தேகம் அந்த இரவுப் பால். 'படுக்கும் முன் பெரிய டம்ளர் எருமைப்பால், நாட்டுச்சர்க்கரை போட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். பெரிய டம்ளர் என்றால் 300 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். பசும்பாலோ எருமைப்பாலோ, 100 மில்லியில் ஏறக்குறைய 5 கிராம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை இருக்கும். அப்படியானால் உங்கள் டம்ளரில் 15 கிராம். அதைச் செரிக்கிற நொதி வளர்ந்த பிறகு குறைந்துபோவது நம் தென்னிந்தியர்களில் மிகச் சாதாரணம், நோய் என்றே சொல்ல முடியாது. அப்படிக் குறைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை பெரிய தொந்தரவு இல்லாமல் தாங்குவார்கள், சாப்பாட்டோடு சேர்த்தால் இன்னும் நன்றாகத் தாங்குவார்கள். காப்பி, டீயில் சேரும் பாலில் இரண்டு மூன்று கிராம்தான் வரும், அது ஒன்றும் செய்யாது. தயிரில் லாக்டோஸ் குறைவு. அதிலுள்ள பாக்டீரியாவே செரிக்கவும் உதவும். நெய்யில் இல்லவே இல்லை என்று சொல்லலாம். ஆக, பாலே ஆகாது என்று முடிவு கட்டித் தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் விட வேண்டிய அவசியம் கிடையாது. அந்த ஒரு டம்ளரை மட்டும் விசாரித்தால் போதும்.

மூன்றாவது, மத்தியானச் சாப்பாடு. அரிசிம்பருப்பு, கொள்ளு, தட்டைப்பயறு, மொச்சை என்று நம் ஊர்ச் சாப்பாட்டில் பயறு இல்லாத நாள் குறைவு. பயறில் உள்ள சில சர்க்கரைகளைச் செரிக்க மனிதக் குடலில் நொதியே கிடையாது. அவை பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகி, வாயு உண்டாகும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் ஓரளவு குறையும். கொள்ளு ரசம் மட்டும் விதிவிலக்கு. வேகவைத்த தண்ணீரையேதான் ரசம் வைக்கிறோம், வாயு கொடுக்கிற சர்க்கரையில் ஒரு பங்கு அதில் இறங்கியிருக்கும். வாயுவுக்கு நல்லது என்று சொல்லி இரண்டு கரண்டி கூட ஊற்றிக்கொள்கிற வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. ருசிக்குக் குடிக்கட்டும், யார் தடுத்தது! பயறை நிறுத்தச் சொல்லவில்லை. அதைவிடச் சல்லிசான புரதம் நமக்கு ஏது? உப்பசம் இருக்கிற மாதத்தில் கொள்ளும் மொச்சையும் குறைத்து, தோல் நீக்கிய பாசிப்பருப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இப்போது நீங்களே செய்யக்கூடிய டெஸ்ட். இதற்குத் தேவை ஒரு பழைய டைரியும் கொஞ்சம் பொறுமையும். முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, மாத்திரை எப்போது, வயிறு எப்படி, எத்தனை தடவை போனது, தூக்கம் எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். ஷிப்மென்ட் நெருக்குகிற நாளா இல்லையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குடலுக்கும் மனதுக்கும் நல்ல பழக்கம் உண்டு. பையர் மெயில் வந்த அன்றைக்கு வயிறு கலங்குகிறது என்றால் அதைத் தேங்காய்ச் சட்னி மேல் எழுத வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது இந்த டைரியையும் எடுத்துப் போங்கள்.

அடுத்தது மாத்திரை நேரம் அல்லது வகை மாற்றம், மருத்துவர் சொல்கிறபடி. அதற்கு இரண்டு வாரம் கொடுங்கள். அந்த இரண்டு வாரமும் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள், இல்லாவிட்டால் எதனால் சரியானது என்று தெரியாமல் நீங்களும் நங்கை மாதிரி நிற்பீர்கள். வயிறு அடங்கிவிட்டால் அதோடு விஷயம் முடிந்தது.

அடங்கவில்லை என்றால் இரவுப் பாலை இரண்டு வாரம் நிறுத்துங்கள். மோர், தயிர், காப்பி எல்லாம் வழக்கம் போல இருக்கட்டும். வித்தியாசம் தெரிந்தால் உடனே 'பால்தான்' என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. திரும்பச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் நாள் அரை டம்ளர், அடுத்த நாள் முக்கால், மூன்றாம் நாள் முழு டம்ளர். பழைய தொந்தரவு திரும்பி வந்தால் நம்பலாம், வராவிட்டால் பால் குற்றவாளி இல்லை. பெரும்பாலோர் விட்டுப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், இந்தத் திரும்பச் சேர்க்கும் பகுதியைச் செய்வதே இல்லை. டெஸ்ட்டே அதுதான். முடிந்தால் இதில் மாமியாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: லாக்டோஸ் நீக்கிய பால் பாக்கெட் கடையில் கிடைத்தால், அதையும் சாதாரணப் பாலையும் மாற்றி மாற்றி, எது என்று சொல்லாமல் கொடுக்கச் சொல்லுங்கள். லாக்டோஸ் நீக்கிய பால் கொஞ்சம் கூடுதலாகத் தித்திக்கும், நாட்டுச்சர்க்கரை போட்டால் தெரியாது. 'ஒத்துக்காது' என்ற நினைப்பே வயிற்றைக் கலக்கும் ஆட்கள் நிறைய உண்டு. அது நடிப்பும் கிடையாது, உப்பசம் நிஜமாகவே வரும்.

பால் இல்லை என்று தெளிவானால் பேக்கரிச் சமாச்சாரம். பதினொரு மணிக்குத் தேங்காய் பன், நாலு மணிக்கு முட்டை பப்ஸ் என்று உங்கள் கணக்கில் தினமும் இருக்கிறது. அதற்குப் பதில் இரண்டு வாரம் வாழைப்பழம், பொரி, ஒரு கைப்பிடி வறுகடலை என்று வைத்துப் பாருங்கள். சோதனை நடக்கிற நாட்களில் நோம்பி, கல்யாண விருந்து வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மார்கழியில் கல்யாணம் இல்லை என்பது ஒரு வசதி. பொங்கலுக்குள் முதல் இரண்டு கட்டத்தை முடித்துவிடலாம்.

இதற்கு மேலும் தொந்தரவு தொடர்ந்தால் குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள். ஐபிஎஸ் (குடல் எரிச்சல் நோய்) என்று அவர் சொன்னால், அதற்கு ஃபாட்மேப் (சரியாகச் செரிக்காமல் குடலில் வாயு உண்டாக்கும் சில சர்க்கரைகள்) குறைந்த உணவு முறை என்று ஒன்று இருக்கிறது, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. அதிலும் சில வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பதுதான் முறை. நம் சமையலில் வெங்காயம், பூண்டு, பயறு எல்லாம் அதில் மாட்டிக்கொள்ளும் என்பதால் உணவியலாளர் துணையில்லாமல் செய்யாதீர்கள்.

டைரி எழுதிக்கொண்டு காத்திருக்கவே கூடாத சில அறிகுறிகளும் இருக்கின்றன. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு, விட்டு விட்டு வரும் காய்ச்சல், நிற்காத வாந்தி, ரத்தசோகை இவற்றில் எது இருந்தாலும் அந்த வாரமே மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். 'ஸ்கூலுக்குக் கிளம்பும்போது' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சனி, ஞாயிறில் வலிக்கிறதா? பரீட்சை லீவில்? அப்போதெல்லாம் இல்லை என்றால் நிலக்கடலைக்கும் தேங்காய்க்கும் கிழமை தெரியாது அம்மணி. அதற்காக அவன் பொய் சொல்கிறான் என்று அதட்டாதீர்கள், வலி உண்மையாகவே இருக்கும். மலச்சிக்கல் இருக்கிறதா என்று பாருங்கள், இந்த வயதில் வயிற்று வலிக்கு அது பெரிய காரணம். ஸ்கூல் பாத்ரூம் பிடிக்காமல் அடக்கி வைக்கிற பிள்ளைகள் ஏராளம். வேன் வருகிற அவசரத்தில் ஒரே மடக்காகப் பால் குடித்துவிட்டு ஓடுகிறானா என்றும் கவனியுங்கள். ஒரு கால் மணி நேரம் முன்னதாக எழுப்பி, சாப்பிட்டதும் நிதானமாகப் பாத்ரூமில் உட்கார விட்டாலே பல பிள்ளைகளுக்குச் சரியாகிறது. வகுப்பில் யாராவது சீண்டுகிறார்களா என்று விசாரிப்பதும் நல்லது. எடை, உயரம் வயதுக்கேற்ப ஏறவில்லை, வலி இரவில் எழுப்புகிறது, வாந்தி வருகிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்கிற பிள்ளைக்குப் பாலும் முட்டையும் கடலையும் ஒரே நாளில் தட்டிலிருந்து போவது சின்ன விஷயமில்லை. புரதமும் கால்சியமும் பி12ம் அவற்றோடு போய்விடும். தோலில் கரப்பான் உள்ள, அலர்ஜிக்கு வாய்ப்புள்ள பிள்ளைகளுக்குத் தேவையில்லாமல் ஒரு உணவை நெடுநாள் நிறுத்தி வைத்தால், திரும்பக் கொடுக்கும்போது அதற்கு உண்மையான அலர்ஜியே வந்துவிடுவதும் உண்டு.

நங்கையிடம் போய் 'உங்க டெஸ்ட் சுத்த வேஸ்ட்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 11,500 கொடுத்தவரிடம் அது எடுபடாது, அவருக்கு வயிறும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஆறு மாதமாகப் பால், தயிர், முட்டை, கடலை எதுவும் இல்லாமல் கால்சியத்துக்கும் புரதத்துக்கும் என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். விட்டதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்க்கலாமே என்று சொல்லிப் பாருங்கள். முதலில் தயிர், ஒரு வாரம் கழித்துத் தேங்காய், பிறகு கடலை, முட்டை, கடைசியில் கோதுமை. இவற்றில் எதற்காவது அவருக்கு முன்பு உதடு வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்திருந்தால், அதை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம். மற்றதில் எதைச் சேர்த்ததும் வயிறு பழையபடி ஆகிறதோ அதை மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். அந்த 31இல் கடைசியில் ஒன்றிரண்டுதான் மிஞ்சும் என்று நினைக்கிறேன்.